யார் சொல்லி வந்தீர்கள்?

மலாய் மொழியில் ‘அம்பாங்’ என்றால் அணை. ‘பெச்சா’ என்றால் உடைந்தது. கோலகுபு பாருவுக்கு அருகில் இருக்கும் அம்பாங் பெச்சாவுக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1883-ஆம் ஆண்டு அங்கிருந்த அணை உடைந்து, பழைய கோலகுபு பட்டணத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. உலு சிலாங்கூரின் முதல் கலெக்டரான செசில் ரேங்கிங்கும் அதில் மாண்டுபோனார். அதன் பிறகும் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்ததால் வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் 1930-களின் தொடக்கத்தில் பட்டணத்தையே வேறு இடத்திற்கு மாற்றினார்கள்.

அம்பாங் என்றதும் நம்மவர்களுக்கு இன்னோர் இடமும் நினைவுக்கு வரும். அது கோலாலம்பூரின் லெபோ அம்பாங். ஒரு காலத்தில் செட்டித் தெரு என்றே அதற்குப் பெயர். வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. ஓர் அம்பாங்கைச் சுற்றிப் பால்மரக் காட்டில் உழைத்த தமிழர்கள். இன்னோர் அம்பாங்கில் மேசைப் பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்கு எழுதிய தமிழர்கள். இரு சாராரும் மலாயாவுக்கு வந்தது ஒரே வழியில்தான். யாரோ ஒருவர் சொல்லி வந்தார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதில்தான் இரண்டு கதைகளும் பிரிகின்றன.

இன்று வியாபாரத்தில் இறங்கும் நம் இளைஞர்களிடம் ‘நெட்வொர்க்கிங்’ என்ற சொல் அடிபடுகிறது. காலைப் பசியாறலோடு கூட்டம், கை குலுக்கல், பெயர் அட்டைப் பரிமாற்றம் என்று அது நடக்கிறது. இது மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஒரு வகையில் அது உண்மைதான். 1905-இல் சிக்காகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய ரோட்டரி சங்கத்தில், ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது ஆரம்பகால விதி. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, மற்றவர் அலுவலகத்தில் மறுமுறை என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. 1985-இல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. அமைப்பும் ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற அதே விதியை வைத்துக்கொண்டு, சிபாரிசையே வேலையாக்கியது. அதற்கெல்லாம் முன்பே சிபாரிசை நம்பிக் கடல் தாண்டியது நம் சமுதாயம்.

முதலில் கங்காணியைப் பார்ப்போம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், உரிமச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போவார். வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். “நம்ம ஊர்க்காரர் சொல்கிறார்” என்ற ஒரே நம்பிக்கையில் உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் நாகப்பட்டினத்திற்கோ ஆவடிக்கோ போய், முகாமில் காத்திருந்து கப்பலேறினார்கள். இதைவிடப் பெரிய சிபாரிசு வட்டம் நம் வரலாற்றில் உண்டா?

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆள் சேர்த்ததற்குக் கங்காணிக்குத் தரகு கிடைத்தது. அவர் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் ‘தலைக்காசு’ கிடைத்தது. சொன்னபடி சம்பளம் இல்லையென்றாலும், மலேரியா வந்து படுத்தாலும், நட்டம் நம்பி வந்தவருக்குத்தான். 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துக் குடியேற்ற நிதி ஏற்படுத்தும்வரை, பயணச் செலவும் கடனாக அவர் தலையிலேயே விழுந்து வந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்டதோடு கங்காணி ஆள்சேர்ப்பு ஓய்ந்தது. ஊர்ப்பாசத்தைக் காசாக்கிய முறை என்று இதைச் சொன்னால் தவறில்லை. கங்காணிகளில் நல்லவர்களே இல்லை என்பதல்ல. அந்த ஏற்பாடு அப்படி.

இனி செட்டித் தெருவுக்கு வருவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டார்கள். அவர்களின் கிட்டங்கி ஒரு விசித்திரமான இடம். நீண்ட ஒரே கூடம். அதில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் சில அடி இடம், ஒரு சாய்வு மேசைப் பெட்டி, ஓர் இரும்புப் பெட்டகம், அவ்வளவுதான். போட்டியாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். இன்று எந்த இரண்டு வியாபாரிகளை அப்படி உட்கார வைக்க முடியும்?

கடன் கேட்டு வருபவர் யார், முன்பு யாரிடம் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்பதைத் தெரிந்துகொள்ள ஆள் அனுப்ப வேண்டியதில்லை. பக்கத்துப் பெட்டிக்காரரைக் கேட்டால் போதும். மாலையில் கோயிலில் கூடி ‘நடப்பு வட்டி’ என்னவென்று முடிவு செய்வார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1850-களிலேயே முருகனுக்குக் கோயில் கட்டியதற்குப் பக்திதான் காரணம். ஆனால் அந்தக் கோயில் மண்டபமே அவர்களின் வர்த்தக சபையாகவும் இருந்தது.

கடையை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, ஏஜெண்ட். ஏறக்குறைய மூன்று ஆண்டுத் தவணை. குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்கும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்தான் அந்த நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்காருவார். அவர் புழங்கிய பணத்தில் முதலாளியின் முதல் மட்டுமல்ல, உறவினர் போட்ட வைப்பும், ஆச்சிமார் சீர்ப் பணமும், கோயில் பணமும் கலந்திருந்தன. இங்கே கணக்கில் ஓர் ஓட்டை விழுந்தால், அடுத்த கப்பலில் போகும் கடிதத்தில் செய்தி ஊர் சேர்ந்துவிடும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் கேட்டு வருபவர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். “இந்தப் பையன் கெட்டிக்காரன்” என்று சொல்லி அனுப்பியவரின் வாக்கும் அதே ஊரில்தான் செல்லுபடியாக வேண்டும். சொன்னவரும் விலை கொடுத்தார். அந்த வட்டம் கடலைத் தாண்டியும் அறுந்துபோகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதற்காக அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அந்த வட்டத்திற்கு உள்ளே வாக்கு, வெளியே அடமானம் என்றிருந்தது. மந்தக் காலத்தில் கடன் திரும்பாதபோது நிலம் கைக்கு வந்தது, கூடவே வெறுப்பும் வந்தது. பர்மாவின் கீழ்ப்பகுதி நெல் மாவட்டங்களில் 1930-களின் இறுதியில் நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது, பலர் அதையெல்லாம் விட்டுவிட்டு வெளியேறினார்கள். மலாயாவில் 1933-இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அவர்களுக்குக் கதவைச் சாத்தியது. வட்டத்திற்கு வெளியே நண்பர்களைத் தேடாததன் விலை அது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இதைத் தொட்டுச் செல்கிறது. நெருங்கிய உறவைவிட அரைகுறைப் பழக்கமே புதிய செய்தியைக் கொண்டுவரும் என்றார் அவர்.

தோட்டத் தமிழனுக்கு அந்த வட்டத்திலும் இடமில்லை, இந்த வட்டத்திலும் குரலில்லை. அந்த நிலையை மாற்ற நடந்த பெரிய முயற்சி 1960-இல் வந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போனார். ஒருவருக்குப் பத்து வெள்ளி என்று சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்ந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டி வாழ்ந்தவர்கள் பத்து வெள்ளியை நம்பிக் கொடுத்தது விளம்பரத்தைப் பார்த்தல்ல. பக்கத்து லயத்துக்காரர் கொடுத்திருந்தார், அவர் பணமும் அதே பெட்டியில் இருந்தது.

வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் இப்போது இல்லை. பால்மரம் நின்ற இடங்களில் 1990-களில் புக்கிட் பெருந்தோங் போன்ற குடியிருப்புகள் எழுந்தன. ஒரே லயத்தில் இருந்தவர்கள் செரண்டா, ரவாங், பத்தாங் காலி என்று சிதறினார்கள். யாருக்கு யார் வாக்குக் கொடுப்பது என்ற பழைய கணக்கு அதில் குலைந்துபோனது. பெயர் அட்டை ஆயிரம் அச்சடித்தும் வேலை வரவில்லை என்று அங்கலாய்க்கும் இளைஞர் பலரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அட்டை கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில், கெட்டுப்போனால் முகம் சுண்டிப்போக ஒருவரும் இல்லை.

ஆனாலும் கல்யாணச் சமையல், பந்தல், மணவறை, லோரி வாடகை போன்ற தொழில்களில் அது இன்னும் செத்துவிடவில்லை. சமையல்காரரின் கைப்பேசி ஒலித்தால், தேதியையும் எத்தனை பேருக்கு என்பதையும் கேட்கும் முன்பே அவர் கேட்பது, “யார் சொல்லி வந்தீங்க?” சொன்னவர் பெயர் தெரிந்த பெயராக இருந்தால் முன்பணத்தில் கொஞ்சம் குறையும். சாம்பார் புளித்துப்போனால், அடுத்த வாரம் கோயிலில் அந்தப் பெயர்க்காரர்தான் திட்டு வாங்குவார்.