கைம்மாறும் விளம்பரமும்: தன்னார்வத் தொழில்நுட்பக் கூடல்களின் புரவலர் நன்றியுரை

ஆய்வுச்சுருக்கம்

தன்னார்வலர்கள் நடத்தும் உள்ளூர்த் தொழில்நுட்பக் கூடல்கள் தமக்குப் பொருளுதவி செய்த நிறுவனங்களுக்கு நன்றி கூறும் உரைகள் பெரும்பாலும் வெறும் சம்பிரதாயமாகவே கருதப்படுகின்றன. இவ்வுரைகளின் புகழ்ச்சியற்ற நடையும் ஒரே வகையான அமைப்பும் அமெரிக்க வரிச் சட்ட வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையன என்பதையும், அந்நடை கூடல்களின் தற்சார்புக்குக் காவலாக அமைந்தது என்பதையும், கூடலைத் தாங்கும் தன்னார்வ உழைப்புக்கு அவ்வுரையில் உரிய இடம் அமையவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: புரவலர், நன்றியுரை, கைம்மாறு, தன்னார்வ உழைப்பு, பார்கேம்ப், வேர்ட்கேம்ப், வரிச் சட்டம்

முன்னுரை

ஒரு நகரத்தின் நிரலாளர்களும் மாணவர்களும் ஓரிரு நாள் கூடித் தாம் கற்றதைப் பகிர்ந்துகொள்வதற்கு அரங்கு, மின்சாரம், இணைய இணைப்பு, உணவு ஆகியவை தேவை. கூடலை நடத்துவோர் ஊதியம் பெறுவதில்லை. நுழைவுக் கட்டணமும் குறைவு, அல்லது இல்லை. செலவுக்கும் வரவுக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்புவோர் புரவலர்கள். கூடலுக்கு முன்போ பின்போ அவர்களுக்கு நன்றி கூறும் உரை வெளியாகிறது. நிறுவனத்தின் பெயர், அதன் இலச்சினை, அது செய்யும் தொழிலைப் பற்றிய ஓரிரு வரிகள் என்பதே அவ்வுரையின் பொதுவான அமைப்பு. ‘மிகச் சிறந்தது’, ‘மலிவானது’, ‘இன்றே வாங்குக’ போன்ற தொடர்கள் பல கூடல்களின் உரைகளில் இடம்பெறுவதில்லை. பணம் கொடுத்தவரைப் புகழாத இந்த நன்றியுரை எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

நன்றியும் கைம்மாறும்

திருக்குறளின் ‘செய்ந்நன்றியறிதல்’ என்னும் அதிகாரத் தலைப்பில் ‘நன்றி’ என்பது பிறர் செய்த நன்மையைக் குறிக்கிறது. நன்மையைப் பெற்றவர் கூறும் சொல்லையும் அது குறிப்பது இன்றைய வழக்கு. ‘கைம்மாறு’ என்பதோ பெற்றதற்கு ஈடாகத் திருப்பித் தருவது. ‘ஒப்புரவறிதல்’ அதிகாரம் கைம்மாறு கருதாத கொடைக்கு மழையை எடுத்துக்காட்டாக்குகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவே புரவலர் நன்றியுரையின் மையச் சிக்கலாகும். நிறுவனம் தந்த தொகை கொடையானால் அதற்கு நன்றி போதும். அது விளம்பரத்துக்கான விலையானால் கூடல் கைம்மாறு செய்தாக வேண்டும். எது எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையறுக்க முயன்றது அமெரிக்க வரிச் சட்டம்.

புரவலர் இல்லாத தொடக்கம்

1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வாகனக் கொட்டகையில் ‘ஹோம்புரூ கணினிக் குழு’ முதன்முறையாகக் கூடியது. ஃபிரெட் மூரும் ஃபிரெஞ்சும் அதனைத் தொடங்கினர். பின்னர் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தின் அரங்கில் கூட்டங்கள் நடந்தன. இடம் தந்து உதவுவது இத்தகைய கூடல்களுக்கு வாய்த்த மிகப் பழைய புரவல் வடிவங்களுள் ஒன்று என்பதை இக்குழுவின் வரலாறு காட்டுகிறது. அவ்வகை உதவியில் இலச்சினைக்கோ விளம்பரப் பலகைக்கோ பெரிய தேவை எழவில்லை.

ஐரோப்பாவில் வேறொரு மரபு வளர்ந்தது. 1981-இல் தோன்றிய ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகம் 1984-இல் ஹாம்பர்க்கில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடுமளவுக்கு வளர்ந்த பின்னரும் நிறுவனப் புரவலர்களை நாடாமல் நுழைவுச்சீட்டு வருவாயையும் தன்னார்வ உழைப்பையுமே நம்பியிருப்பது அதன் தனித்தன்மை. பிரஸ்ஸல்ஸில் 2001-இல் தொடங்கிய ஃபோஸ்டெம் மாநாடு இதற்கு மறுதலையான வழியைத் தேர்ந்தது. அங்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. புரவலர் தொகையும் பங்கேற்பாளர் நன்கொடையும் அதனைத் தாங்குகின்றன. புரவலரை விலக்கினால் வருவோர் விலை கொடுக்க வேண்டும். வருவோருக்கு விலையின்றித் திறந்துவிட்டால் புரவலரை நாட வேண்டும். எல்லாச் சிறு கூடல்களும் இவ்விரு வழிகளுக்கும் இடையில்தான் தம் இடத்தைத் தேடுகின்றன.

பார்கேம்பும் வேர்ட்கேம்பும்

ஓரைலி பதிப்பகம் 2003 முதல் நடத்திய ‘ஃபூகேம்ப்’ அழைக்கப்பட்டோருக்கு மட்டும் உரியது. அதற்கு எதிர்வினையாக, எவரும் வரலாம் என்னும் கொள்கையோடு 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில் முதல் பார்கேம்ப் நடந்தது. சோஷியல்டெக்ஸ்ட் என்னும் நிறுவனம் தன் அலுவலகத்தை அதற்காகத் திறந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு வார ஏற்பாட்டில் நடந்த அக்கூடலின் வடிவம் விரைவில் உலகெங்கும் பரவியது. 2006-இல் தில்லியிலும் சென்னையிலும் பார்கேம்ப்கள் நடந்தன.

அதே ஆண்டு ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் முதல் வேர்ட்கேம்ப் நடைபெற்றது. வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கான இக்கூடலைப் பிற நகரத்தாரும் தத்தம் ஊர்களில் நடத்தத் தொடங்கினர். இரு வடிவங்களுக்கும் இடையே ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. பார்கேம்புக்குத் தலைமை நிறுவனம் இல்லை. வேர்ட்கேம்ப்களுக்கோ 2010-இல் நிறுவப்பட்ட, ஆதாய நோக்கற்ற வேர்ட்பிரஸ் அறக்கட்டளை குடையாக அமைந்தது. வேர்ட்கேம்ப் நெறிமுறைகளின்படி புரவலர் பற்றிய குறிப்பில் தர ஒப்பீடு, விலைத் தகவல், பரிந்துரை, வாங்கத் தூண்டும் சொற்கள் ஆகியவை இடம்பெறலாகாது. மும்பையிலோ கொச்சியிலோ நடக்கும் வேர்ட்கேம்பின் தன்னார்வலர் எழுதும் நன்றியுரைக்கும் இக்கட்டுப்பாடு பொருந்தும். இச்சொற்பட்டியலின் மூலம் தொழில்நுட்ப உலகுக்கு வெளியே இருக்கிறது.

சட்டத்தின் நெடும்பயணம்

1947-இல் நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் நலனுக்காக மியூலர் என்னும் மக்ரோனி நிறுவனம் வாங்கப்பட்டது. வரி செலுத்தாத அறநிறுவனம் வரி செலுத்தும் வணிகரோடு போட்டியிடுவது முறையா என்னும் வாதம் எழுந்தது. அதன் பயனாக, அறநோக்கோடு தொடர்பில்லாத வணிக வருவாய்க்கு வரி விதிக்கும் விதி 1950-இல் சட்டமாயிற்று.

விளம்பரம் அத்தகைய வருவாயா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் ஆய்விதழில் வெளியான விளம்பரங்கள் பற்றிய வழக்கில், அவை வாசகரின் கல்வியை முன்னிட்டுத் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதைச் சுட்டி, அவ்வருவாய் வரிக்கு உரியதே என 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1991-இல் காட்டன் பவுல் கால்பந்துப் போட்டிக்கு மொபில் எண்ணெய் நிறுவனம் அளித்த புரவல் தொகை விளம்பர வருவாயே என வருவாய்த் துறை கருத்துரைத்தது. போட்டியின் பெயரோடு நிறுவனத்தின் பெயரை இணைத்ததும் அதற்குக் கிடைத்த விளம்பர வாய்ப்புகளும் அம்முடிவுக்குக் காரணம். பல்கலைக்கழகங்களும் கலை நிறுவனங்களும் கலங்கின. 1993-இல் வரைவு விதிகள் வந்தன. 1997 ஆகஸ்டில் சட்டமான வரித் தளர்வுச் சட்டம் வரிச் சட்டத்தில் 513(ஐ) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. இறுதி விதிகள் 2002-இல் வெளியாயின.

இப்பிரிவின் சாரம் இது: பணம் தந்தவர் தம் பெயரும் இலச்சினையும் குறிக்கப்படுவதற்கு மேல் கணிசமான கைம்மாறு எதையும் எதிர்பாராதபோது அத்தொகை வரிக்கு உட்படாது. தொழிலைப் பற்றிய நடுநிலையான விளக்கம், முகவரி, தொலைபேசி எண், இணைய முகவரி ஆகியவை பெயர்க்குறிப்பில் அடங்கும். தரத்தைப் புகழ்வதும் பிறரோடு ஒப்பிடுவதும் விலை கூறுவதும் வாங்கத் தூண்டுவதும் விளம்பரம். ஒரே செய்தியில் இரண்டும் கலந்திருந்தால் முழுச் செய்தியும் விளம்பரமாகவே கொள்ளப்படும். எத்தனை பேர் வந்தனர் என்பதைப் பொறுத்துத் தரப்படும் தொகைக்கு இச்சலுகை இல்லை. கண்காட்சி அரங்குகள் தொடர்பான தொகைகளுக்கு வேறு விதி உண்டு.

நன்றியாகத் தரும் பொருள்களுக்கும் அளவு வகுக்கப்பட்டது. நுழைவுச்சீட்டு போன்ற பயன்களின் மொத்தச் சந்தை மதிப்பு, பெற்ற தொகையில் 2 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் அது கணக்கில் கொள்ளப்படாது. 5,000 டாலர் தந்தவருக்கு 100 டாலர் மதிப்புள்ள சீட்டுகள் தந்தால் அவை பொருட்டல்ல. 300 டாலர் மதிப்புக்குத் தந்தால் 4,700 டாலரே கைம்மாறற்ற தொகை. இணைய இணைப்பையும் விதிகள் கருதின. புரவலரின் தளத்துக்கு இணைப்புத் தருவது மட்டும் விளம்பரமாகாது. ஆனால் அத்தளத்தில் புரவலரின் பொருளை அறநிறுவனம் தன் ஒப்புதலோடு பரிந்துரைத்திருந்தால் அது விளம்பரம்.

சட்டம் கேட்டதற்கு மேல்

சிறு கூடல்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவைதானா என்னும் கேள்வி இங்கே எழுகிறது. வரிக்கு உரியதாகக் கருதப்பட ஒரு வணிகம் முறையாகத் தொடர்ந்து நடத்தப்பட வேண்டும். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் வழக்கில், சில வாரங்களே நடக்கும் போட்டியின் நிகழ்ச்சி நூலில் வெளியான விளம்பரங்கள் இவ்வரையறைக்குள் வரா என 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருவாய்த் துறை அக்கருத்தை ஏற்கவில்லை எனினும், ஆண்டுக்கு ஒருமுறை இரு நாள் நடக்கும் கூடலுக்கு அது வலுவான வாதம். மேலும், ஏறத்தாழ முழுப் பணியும் ஊதியமின்றிச் செய்யப்படும் வணிகத்துக்கு 513(ஏ)(1) உட்பிரிவு விலக்களிக்கிறது. தனித்து நிற்கும் தன்னார்வக் கூடலுக்கு இவ்விரு வழிகளும் பயன்படக்கூடும்.

ஆண்டு முழுவதும் பல நகரங்களில் கூடல்களைத் தாங்கி, ஊதியம் பெறும் பணியாளரையும் கொண்ட குடை அமைப்புக்கு இவ்விலக்குகள் உறுதியாகப் பொருந்தும் எனச் சொல்ல இயலாது. ஆகவே பாதுகாப்பான வழி, நன்றியுரையின் சொற்களையே கட்டுப்படுத்துவது. உள்ளூர்க் கூடலின் உரைநடை, அவ்வூரின் தேவையைவிடக் குடை அமைப்பின் தேவையால் வடிவம் பெற்றது என்பதை இது விளக்குகிறது.

எனினும் இதை வரி அச்சமாக மட்டும் சுருக்குதல் பொருந்தாது. புரவலரைப் புகழும் உரிமை இல்லாத ஏற்பாட்டாளரிடம் புரவலர் அப்புகழைக் கேட்டுப் பெறவும் முடியாது. பெருந்தொகை தருவோர் முன் தனித்து நிற்கும் ஓர் உள்ளூர்த் தன்னார்வலருக்கு ‘விதி இடம் தரவில்லை’ என்னும் மறுமொழி பெரும் பலம். வணிகருக்கிடையே நேர்மையான போட்டியைக் காக்க எழுந்த சட்டத்தின் சொற்கள், கூடலின் மேடையைச் சந்தையிடமிருந்து காக்கும் வேலியாகவும் பயன்பட்டன.

வரிசையும் விடுபாடும்

சொல்லில் அடக்கப்பட்ட கைம்மாறு வரிசையில் வெளிப்படுகிறது. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்னும் தரநிலைகள் இன்று பரவலாக உள்ளன. 2000-இல் பிரான்சின் போர்தோவில் தொடங்கி 2023-இல் கொச்சியில் நடந்த டெபியன் சமூகத்தின் டெப்கான்ஃப் மாநாடும் இவ்வகைப் பிரிவுகளைக் கொண்டது. எந்த நிறுவனமும் மற்றதைவிடச் சிறந்தது என்று உரை கூறுவதில்லை. ஆனால் இலச்சினையின் அளவும் இடமும் கொடையின் அளவைச் சொல்லிவிடுகின்றன. நன்றியுரை அவ்வகையில் ஒரு விலைப்பட்டியலின் பின்பக்கமாகவும் அமைகிறது. அதே வேளை, எவரிடமிருந்து எந்த அளவில் உதவி பெறப்பட்டது என்பதை வருவோருக்கு அறிவிக்கும் பொதுக்கணக்காகவும் அது பயன்படுகிறது.

இப்பட்டியலில் உழைப்புக்குத் தரநிலை இல்லை. பல மாத மாலை நேரங்களைக் கொடுத்தவரும், வாயிலில் நின்று பெயர் பதிந்தவரும், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டவரும் எந்த உலோகத்துக்கும் உரியவர் அல்லர். புரவலரின் பெயர் ஒப்பந்தத்தால் உறுதி பெறுகிறது. தன்னார்வலரின் பெயரோ ஏற்பாட்டாளரின் நினைவைப் பொறுத்தது. மேலே கூறிய விலக்கு விதியை நோக்கினால், ஊதியமற்ற உழைப்பே சில சூழல்களில் கூடலின் வருவாய்க்கு வரிவிலக்குத் தரும் அடிப்படை. சட்டம் கண்டுகொண்ட அந்த உழைப்பை நன்றியுரையின் வடிவம் கண்டுகொள்ளவில்லை.

முடிவுரை

புரவலர் நன்றியுரையின் வறண்ட நடை நன்றியின் வறட்சியைக் காட்டுவதன்று. பெயர்க்குறிப்பையும் விளம்பரத்தையும் பிரிக்க 1950 முதல் 2002 வரை நிகழ்ந்த சட்டப் போராட்டத்தின் படிவு அது. அமெரிக்க அறக்கட்டளைகளின் குடையின் கீழ் அந்நடை பிற நாடுகளின் நகரங்களுக்கும் சென்றது. பணம் கொடுத்தவரைக் குறித்து எதைச் சொல்லக்கூடாது என்பதை அது தெளிவாக வகுத்துள்ளது. உழைப்பைக் கொடுத்தவரைக் குறித்து எதைச் சொல்லியாக வேண்டும் என்பதை அது வகுக்கவில்லை. எனவே தன்னார்வத் தொழில்நுட்பக் கூடல்களின் வரலாற்றை எழுத முனைவோர் நன்றியுரைகளை முதன்மைச் சான்றாகக் கொள்ளலாம். ஆயினும் அவற்றைத் தன்னார்வலர் பட்டியல், செலவுக் கணக்கு, கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். இல்லையேல் பணம் தந்தோரின் வரலாறே கூடலின் வரலாறாக எஞ்சும்.