முறிந்த வளையலும் அழியாத ஏடும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில் அமைந்த ஊர் கெலாங் பாத்தா. மலாய் மொழியில் கெலாங் என்பது வளையலையும், பாத்தா என்பது முறிந்ததையும் குறிக்கும். பொன் வளையல் முறிந்தால் வடிவம் கெடுமேயன்றிப் பொன் கெடுவதில்லை; கண்டெடுத்தவன் அதனை உருக்கிப் பயன் கொள்வான். பழுதுபட்ட கணினிக்கும் இவ்வுவமை பொருந்தும். திரை இருண்டு, உரியவர் வேண்டாமென ஒதுக்கிய பின்னும், அதன் வன்தட்டில் பதிந்த செய்திகள் அழியாமல் கிடக்கின்றன.

தோட்டங்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரம், 1998ஆம் ஆண்டில் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டதும் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியோடு இணைந்தது. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் அருகே எழுந்தது. நுசாஜெயா தொழில்நுட்பப் பூங்காவில் இன்று மாபெரும் தரவு மையங்கள் நிற்கின்றன. உலகோர் செய்திகளுக்கு இத்துணைக் காவல் அமைந்த மண்ணில், ஒரு குடும்பத்தின் செய்திகள் மட்டும் பழைய கணினியோடு பழைய சாமான் வாங்குபவரின் வண்டியில் ஏறிப் போவது முரணன்றோ? வேண்டாத ஆவணத்தை எவ்வாறு நீக்குவது என்னும் வினா கணினியோடு பிறந்ததன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு.

தமிழர் இவ்வினாவை ஓலைச்சுவடிக் காலத்திலேயே எதிர்கொண்டனர். பழுதுற்ற ஏடுகளை ஆற்றுவெள்ளத்தில் விடுவதும் தீயிலிடுவதும் வழக்கமாயிருந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், சிதைந்த ஏடுகள் ஆகம விதியின் பெயரால் நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித்தீயில் இடப்பட்டன எனக் கேட்டுத் துயருற்றார். ஏடுகளை எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். எதனை நீக்குகிறோம் என்று பிரித்துப் பார்க்கத் தவறியவர்கள். காக்க வேண்டியது அறியாமையால் அழிந்தது.

அறிந்தே அழித்ததற்கு மலாயா சான்றாகும். 1957ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெறும் தறுவாயில், கோலாலம்பூரில் பிரிட்டிஷ் ஆட்சியின் ஆவணங்கள் ஐந்து லாரிகளில் ஏற்றப்பட்டன. அவை சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திற்குச் சென்று, அங்கிருந்த எரியுலையில் சாம்பலாயின. கோலாலம்பூரிலிருந்து தரைவழியே சிங்கப்பூருக்குச் செல்வோர் ஜொகூரைக் கடந்தே ஆகவேண்டும். விடுதலையை நோக்கியிருந்த மக்கள் நடுவே, அவர்தம் வரலாற்றின் ஒரு பகுதி அழிவை நோக்கி விரைந்தது. பின்னர் 1961இல், அரசுக்குச் சங்கடம் விளைக்கும் ஆவணங்களையும் ஒற்றரைக் காட்டிக்கொடுக்கும் ஆவணங்களையும் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கலாகாது எனக் குடியேற்ற நாட்டு அமைச்சர் இயன் மக்லியாட் பணித்தார். எரித்தால் சாம்பலையும் பொடியாக்க வேண்டும். கடலில் ஆழ்த்தினால், பெட்டியில் கனம் சேர்த்து, கரைக்கு எட்டாத ஆழத்தில் இட வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. எரியாமல் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட கோப்புகள் இருப்பது 2011இல் வெளிப்பட்டது. 2012 முதல் அவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

அச்செயலின் நோக்கம் ஏற்கத்தக்கதன்று. ஆயினும், தன் மறைபொருளைக் காப்பதில் ஒரு பேரரசு காட்டிய கருத்து எண்ணத்தக்கது. சாம்பலும் பேசக்கூடும் என அது அஞ்சியது. இன்றைய குடும்பமோ, பேசும் தட்டையே பிறர் கையில் கொடுத்துவிடுகிறது.

முதல் வன்தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்டது. ஏறத்தாழ ஒரு டன் எடையும் ஐம்பது தட்டுகளும் கொண்டிருந்த அது, ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்றோ உள்ளங்கையளவுள்ள தட்டு ஒரு நூலகத்தையே தாங்கும். ஒரு கோப்பை நீக்கும்படி ஆணையிட்டால், கணினி பெரும்பாலும் அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மட்டுமே அழிக்கிறது. நூலின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் பக்கங்களை விட்டுவைப்பதை ஒக்கும் இது. அமெரிக்க ஆய்வாளர் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும் பலருடைய மருத்துவச் செய்திகளும் கடிதங்களும் கிடைத்தன.

மலேசியருக்கு இதில் தனியோர் இடர் உண்டு. 1990 முதல் வழங்கும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும், இறுதி இலக்கம் ஆண், பெண் என்பதையும் உணர்த்தும். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளை எவரால் மாற்ற இயலும்? பழைய கணினியில் மறந்துபோன ஓர் அட்டைப் படிவம், உரியவரின் ஆயுள் முழுதும் பிறர் கையில் சாவியாக இருக்கக்கூடும்.

2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்தின்பொருட்டுப் பெற்ற தரவைத் தேவை முடிந்ததும் மீளாதவாறு அழிக்கப் பணிக்கிறது. ஆயினும் அது கூட்டரசையோ மாநில அரசுகளையோ கட்டுப்படுத்துவதில்லை. இல்லத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவிலும் தலையிடுவதில்லை. எனவே வீட்டுக் கணினிக்கு உரியவரே காவலர்.

அக்காவலின் முறை கடினமன்று. வேண்டியவற்றைப் படியெடுத்த பின், வன்தட்டாயின் அதன் முழுப்பரப்பிலும் வேறு தரவை மேலெழுதச் செய்யும் மென்பொருளைப் பயன்படுத்தல் வேண்டும். திண்மநிலை வட்டுக்கு மேலெழுதல் போதாது. எழுதுவதைத் தானே பல இடங்களுக்கு மாற்றிவைக்கும் இயல்புடையதாதலின், உற்பத்தியாளர் தரும் அழிப்பு ஆணையே ஏற்றது. இயங்காத தட்டினைக் கழற்றிச் சிதைத்தல் வேண்டும். ஆனால் பேரரசு நாடிய தீ இங்கு உதவாது. கணினியை எரித்தால் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் காற்றிலும் மண்ணிலும் கலக்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் மின்கழிவை அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. தரவு நீங்கிய கணினியை, சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றோரிடம் சேர்க்கும் மையங்களில் ஒப்படைத்தலே முறை.

ஆசிரியர்க்கு இதில் இருமடங்கு பொறுப்பு உண்டு. அவர்தம் கணினியில் மாணவரின் மதிப்பெண்களும் பிறப்புப் பத்திர எண்களும் பெற்றோரின் வருமானச் செய்திகளும் இருக்கலாம். அவை துடைக்கப்படல் வேண்டும். அதே கணினியில் பள்ளியின் பழம் நிழற்படங்களும், மூடப்பட்ட தோட்டத்தின் மூத்தோர் சொன்ன நினைவுகளும் இருக்கலாம். அவை காக்கப்படல் வேண்டும். ஆவணங்கள் எரிந்த அதே 1957ஆம் ஆண்டின் டிசம்பர் முதல் நாளில்தான் பொது ஆவண அலுவலகம், இன்றைய தேசிய ஆவணக் காப்பகம், தொடங்கப்பெற்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் இசைவின்றிப் பொது ஆவணங்களை அழித்தல் கூடாது.

முன்னோர் காக்க வேண்டியதைத் தீயிலிட்டனர். இக்காலத்தார் அழிக்க வேண்டியதை வீதியில் விடுகின்றனர். இரண்டும் பிரித்தறியாமையின் விளைவே. முறிந்த வளையலை எறியுமுன் பொன்னைப் பிரித்தெடுத்துக்கொள்வது எளிய மக்களும் அறிந்த வழக்கம். கணினிக்கும் அதுவே வேண்டுவது.