மலையேறும் மந்தைகளும் பொதுவான புல்வெளியும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது மண்ணூர்பேட்டையில் வாழும் நாம் ஆட்டின் விலையை விசாரிக்கிறோம், பல்லைப் பார்க்கிறோம், குறையில்லாத பிராணிதானா என்று உறுதி செய்துகொள்கிறோம். அதை மேய்த்தவர் யார் என்று கேட்பதில்லை. ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்கு மேய்த்ததாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அந்தத் தொழிலை இன்றும் நடந்தே செய்யும் முஸ்லிம் சமுதாயம் ஒன்று நம் நாட்டில் உண்டு.

ஜம்மு காஷ்மீரின் பக்கர்வால்கள் ஆடுகளையும் செம்மறிகளையும் வளர்ப்பவர்கள். கோஜ்ரி மொழி பேசுபவர்கள். குளிர்காலத்தை ஜம்மு, ரஜௌரி, பூஞ்ச் பகுதிகளின் தாழ்நிலங்களில் கழித்து, ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகத் தொடங்கியதும் பீர் பஞ்சால் மலைத்தொடரைக் கடந்து உயர்நிலப் புல்வெளிகளுக்குச் செல்கின்றனர். கூடாரமும் பாத்திரங்களும் குதிரைகளின் முதுகில் ஏறும். மந்தைக்குக் காவலாக நாய்கள் உடன்வரும். இலையுதிர் காலத்தில் மீண்டும் இறங்குவார்கள்.

அவர்கள் செல்லும் வழிகளுள் ஒன்று, ஏறத்தாழ 3,490 மீட்டர் உயரத்திலுள்ள பீர் கி கலி கணவாய் வழியே செல்லும் முகலாயப் பாதை. 1586இல் காஷ்மீரைத் தம் ஆட்சியில் இணைத்த அக்பருக்குப் பின், முகலாயர் இவ்வழியே காஷ்மீருக்குப் போய்வந்தனர். 1627இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில்தான் ஜஹாங்கீர் இறந்தார்.

1947க்குப் பின் வரையப்பட்ட எல்லைக்கோடு பல மேய்ச்சல் வழிகளைத் துண்டித்தது. 1990களின் வன்முறை மேலும் பல புல்வெளிகளை எட்டாக்கனியாக்கியது. 1991இல் பட்டியல் பழங்குடியினர் என்ற தகுதி கிடைத்தது. நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமையை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, 2019 அக்டோபர் 31க்குப் பிறகே அங்கு நடைமுறைக்கு வந்தது.

இது தொலைதூர மலையின் கதை மட்டுமன்று. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கீதாரிகளும் செம்மறிக் கூட்டத்துடன் ஊர் ஊராக நடந்து, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகின்றனர். வயலுக்கு உரம், மேய்ப்பருக்குக் கூலி. தரிசு நிலம் மனையாகும்போது அவர்களுக்கும் வழி அடைபடுகிறது.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ‘ஹிமா’ எனப்பட்ட காப்பு மேய்ச்சல் நிலத்திற்கு ஹுனைய் என்பவரை நியமித்தபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடும்படியும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தவிர்க்கும்படியும் பணித்தார்கள். செல்வர்களுக்குக் கால்நடை அழிந்தாலும் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழைக்கு மந்தையே வாழ்வு என்பது அவர்கள் கூறிய காரணம். மொரோக்கோவின் அட்லஸ் மலைகளில் அமாசிக் மக்கள், புல் வளரும்வரை மேய்ச்சலை ஊர்கூடி நிறுத்திவைக்கும் ‘அக்தால்’ முறையும் பொதுவுடைமையைப் பேணுவதற்கே.

எனவே, குர்பானிப் பிராணியின் கயிற்றைக் கையில் வாங்கும்போது, அதன் பின்னால் நடந்த கால்களையும் நினைப்போம். மேய்ப்பரிடம் நேரடியாக வாங்க வாய்த்தால், பேரத்தில் அவர் கூலியைக் குறைக்காதிருப்போம். நம் பிள்ளைகளுக்கு நபிமார்களின் வரலாற்றோடு இவர்களின் வரலாற்றையும் சொல்வோம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக. ஆமீன்.