சித்தூர் ஆற்று மணலும் அம்மாவின் இரும்பு ஊசியும்

போன வருடம் அம்மா இங்கே கிளீவ்லாந்தில் எங்களோடு இருந்தபோது உடம்பில் இரும்புச் சத்து ரொம்பக் குறைந்துவிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்பதால் ஃபெருமாக்சிடால் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். கருத்த நிறத்தில் ஒரு திரவம். கால் மணி நேரம் ஏற்றிவிட்டு, ஒவ்வாமை வருகிறதா என்று அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். கிளம்பும்போது நர்ஸ் சொன்னார், மூன்று மாதத்துக்குள் எம்ஆர்ஐ எடுத்தால் இந்த ஊசியைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள் என்று.

ஏனென்றால் அதில் இருப்பது காந்தத்துக்கு இழுபடும் இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "சித்தூர் ஆத்து மணல்ல காந்தத்தைப் போட்டு இழுப்பியேடா, அந்தக் கருப்புப் பொடியா?"

கிட்டத்தட்ட அதேதான்! அந்தக் கருமணல் மேக்னடைட். தண்ணீரில் போட்டால் அடியில் தங்கிவிடும். மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்காகப் பொடித்தால், நீர் மூலக்கூறுகள் ஓயாமல் இடிப்பதிலேயே அது மிதந்துகொண்டிருக்கும். ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் மறுபடி மூழ்கும். அதைத் தடுத்ததுதான் இந்தக் கதை.

கதை தொடங்கியதும் இதே கிளீவ்லாந்தில்தான். 1963-ல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீபன் பேப்பல், எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க வழி தேடினார். மேக்னடைட்டை நாள்கணக்கில் அரைத்து, ஒலியிக் அமிலத்தோடு மண்ணெண்ணெயில் கலந்தார். நம் நல்லெண்ணெயில் இருக்கும் அதே அமிலம்தான். அதன் தலை துகளைப் பிடித்துக்கொள்ளும். வால் எண்ணெயில் நீட்டிக்கொண்டு நிற்கும். துகள்கள் நெருங்க முடியாது.

ஆனால் அந்த வாலுக்குத் தண்ணீர் ஆகாது. 1981-ல் பாரிஸில் ரெனே மாசார் அரைக்கவே இல்லை. இருவகை இரும்பு உப்புகளைக் காரத்தில் சேர்த்து, துகள்களைத் தண்ணீரிலேயே உண்டாக்கினார். எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. எண்ணெயும் வேண்டாம், சோப்பும் வேண்டாம்.

இரத்தத்தில் இது போதாது. அதிலுள்ள உப்பு அந்த மின்னேற்றத்தை மழுங்கடித்துவிடும். அதனால் துகளுக்குச் சர்க்கரை வகைப் பொருளால் சட்டை போட்டார்கள். டெக்ஸ்ட்ரான் சட்டை போட்ட ஃபெரிடெக்ஸ், கல்லீரலை எம்ஆர்ஐயில் தெளிவாகக் காட்ட 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிற்பாடு விற்பனையிலிருந்து போய்விட்டது. 2009-ல் ஃபெருமாக்சிடால் வந்தது. இதில் உடம்பு அந்த இரும்பையே எடுத்து இரத்தத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்ததால் 2015-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். அந்த அரை மணி நேரக் காத்திருப்பு அதனால்தான்.

சர்க்கரை கரைவது போல இது உண்மையில் கரைவதில்லை. கரைந்தது போல நிற்கிறது, அவ்வளவுதான். காந்த குணம் போவதில்லை. எம்ஆர்ஐ படத்தை அது மாற்றிக் காட்டிவிடும்.

இரண்டு மாதத்தில் அம்மா ஊருக்குக் கிளம்பினார். அங்கே எந்த டாக்டருக்கு இது தெரிந்திருக்கும்? மருந்தின் பெயர், ஏற்றிய தேதி, நர்ஸ் சொன்னது மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்து அனுப்பினேன். அப்பா அம்மாவை இங்கே அழைத்துவந்து வைத்தியம் பார்ப்பவர்கள், நீங்களும் அப்படி ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.