அடையாற்றங்கரைச் செங்கல் மாளிகை

மயிலாப்பூரிலும் அதன் சூழலிலும் நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிற்குப் பழைய செங்கல் வீடுகள் இன்னும் உள்ளன. அவற்றை இடிப்பதா, காப்பதா என்னும் வினா இல்லந்தோறும் எழுந்து வருகின்றது. அவ்வினாவிற்கு விடை காண விழைவார்க்குத் துணையாகுமெனக் கருதி, அடையாற்றின் வடகரையில் நின்று நிலவும் ஒரு மாளிகையின் வரலாற்றை ஈண்டு எழுதலானோம்.

முன்னாளில் ஆங்கிலக் கும்பினியார் ஜார்ஜ் கோட்டையின் மதிலகத்தே நெருங்கி வாழ்ந்தனர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1758-59-இல் மீண்டும் முற்றுகையிட்டனர். 1769-இல் ஹைதர் அலியின் படை நகரத்து வாயில்வரை வந்தது. இவ்வச்சங்கள் படிப்படியாகத் தணியவே, கும்பினி உத்தியோகஸ்தர்கள் தெற்கேயுள்ள தோப்புகளிலும் வயல்வெளிகளிலும் வீடு கட்டிக் குடியேறத் தொடங்கினர். அவை தோட்ட வீடுகள் எனப்பட்டன. நடுவே வீடு, சுற்றிலும் மரச்சோலை, கிணறு, தொழுவம், ஏவலர் குடில் என ஒரு சிற்றூர் போலவே அவை விளங்கின. கும்பினியின் கணக்கராயிருந்த ஜார்ஜ் மௌப்ரே என்பாரின் தோட்டம் அத்தகையது, டி.டி.கே. சாலை நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. 1882-இல் பிரம்மஞான சபையார் விலைக்கு வாங்கிய ஹட்டில்ஸ்டன் தோட்டமும் அத்தகையதே.

நாம் சொல்லவந்த மாளிகை பிராடி காஸில் என்பது. கும்பினி உத்தியோகஸ்தர் ஜேம்ஸ் பிராடி 1796-இல் ஆற்றங்கரையில் 11 ஏக்கர் நிலம் பெற்றார். 1798-க்குள் மாளிகையை எழுப்பினார். கோட்டைக் கொத்தளம் போன்ற கோபுரங்கள் அதற்கு உண்டு. போருக்கஞ்சிக் கோட்டையினுள் ஒடுங்கியிருந்தோர், அச்சம் நீங்கி வெளிவந்தபின் கோட்டையின் வடிவத்தை வெறும் அழகுக்காக வைத்துக்கொண்டனர் போலும்! ஆயினும் அவ்வழகை நெடுநாள் நுகரும் பேறு பிராடிக்கு வாய்க்கவில்லை. மனை முடிந்து சில ஆண்டுகளுக்குள், தம் வாயிலின் முன்னோடிய அவ்வாற்றிலேயே படகு விபத்தில் மூழ்கி மாண்டார். அதன்பின் அங்குக் குடியிருந்தோருள் சர் தாமஸ் ஸ்டிரேஞ்ச் என்பவரும் ஒருவர். அவர் 1801-இல் அமைந்த சென்னைச் சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி. இந்துக்களின் சட்டம்பற்றி நூல் இயற்றியவர்.

இனி, இவ்வகை மாளிகைகள் எவ்வாறு எழுந்தன என்பதை நோக்குவோம். சுவர்க்குச் செங்கல்லும் சுண்ணாம்பும். கிளிஞ்சலைச் சூளையிலிட்டு நீற்றி, மணலோடு செக்கிலிட்டு அரைத்துச் சாந்தாக்குவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் அதனோடு சேர்ப்பதுண்டு. மேற்பூச்சிற்கு முட்டையின் வெண்கருவும் தயிரும் கலந்து, வழவழப்பான கல்லால் பலகால் தேய்ப்பர். அப்பூச்சு பளிங்குபோல் ஒளிரக் கண்டு அயல்நாட்டார் வியந்து எழுதியுள்ளனர். மேல்தளமோ, தேக்கு உத்தரங்களின்மீது மெல்லிய செங்கற்களைக் குத்திட்டு நிறுத்திக் குறுக்குச் சாய்வாக அடுக்கியது. அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆட்கள் வரிசையாயிருந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். அதற்கும் மேலே தட்டோடு பதிப்பர். இதனை மெட்ராஸ் டெரஸ் என இன்றும் பொறியாளர் கூறுவர். ஊரின் பெயரையே பெற்ற இக்கட்டு முறை நம்மவர் கைவினையாகும். மாளிகைக்குப் பெயர் பிராடியுடையது; சாந்து அரைத்தவனும் தளம் அடித்த பெண்டிரும் பெயரின்றி மறைந்தனர். வரலாறு எழுதுவார் இக்குறையை மறத்தலாகாது.

அம்மாளிகை பின்னர் அரசாங்கத்தின் வசமாயிற்று. 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கருநாடக இசைக் கல்லூரி 1956-இல் இங்கு வந்து அமர்ந்தது. மாளிகையும் தென்றல் எனத் தமிழ்ப் பெயர் பூண்டது. இருநூறாண்டு கடந்த அச்சுவர்கள் இன்று வீணையும் மிருதங்கமும் கேட்டு நிற்கின்றன. பயன்பட்டமையாலன்றோ அது பிழைத்தது!

இவ்விடத்து எம் குற்றம் ஒன்றைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. மயிலைத் தெருவொன்றில் எம் பாட்டனார் கட்டிய செங்கல் வீடு இருந்தது. சுவரில் ஈரம் கண்டபோது, உறுதியாயிருக்குமென எண்ணிச் சிமெண்டுப் பூச்சுப் பூசுவித்தோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடும். மூன்று மழைக்காலம் கழிவதற்குள் உப்புப் பூத்துச் செங்கல் மாவாய் உதிர்ந்தது. வீடு பழுதென்று சொல்லி இடித்தோம். பழுது வீட்டினதன்று, எம் அறியாமையினதே. அதனை ஒரு படமேனும் எடுத்து வைத்திலோம். எம் மக்கள் கேட்குங்கால், கூடம் இவ்வளவு இருந்ததெனக் கைவிரித்துக் காட்டுவதல்லது வேறு செய்ய இயலவில்லை.

ஆதலின் அன்பர்களை வேண்டுவது இது. பங்காளிகள் பலராய், வருவாய் சிறிதாய் உள்ள குடும்பத்தை நோக்கி, எவ்வாறேனும் வீட்டைக் காப்பாற்றுக என்று கூற யாம் துணியோம். அவர்தம் இடர்ப்பாடு யாமறிவோம். ஆயின் பழுதுபார்ப்போர் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிச் சுண்ணாம்பாலேயே பூசுக. இடித்தே தீரவேண்டுவோர், இடிக்குமுன் வீட்டின் நீள அகலங்களை அளந்து, படம் எடுத்து, பழைய பத்திரங்களின் படியோடும் முதியோர் நினைவுகளோடும் சங்கத்திற்கு அனுப்புக. 2012-இல் தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கென ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது உண்மையே. எனினும் மாளிகைகளை நினைப்பவர் பலர்; நம் திண்ணைகளை நினைப்பார் நாமே. வரும் திங்கள் முதல் யாமே ஞாயிறுதோறும் அளவுகோலுடன் வரச் சித்தமாயுள்ளோம். அழைப்போர் அழைக்க.