டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே?

மூணாறுக்கு ஒரு நாள் டூர் போகும் கல்லூரிப் பசங்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விடிகாலையில் போடிநாயக்கனூரில் டீ, போடிமெட்டு வளைவுகளில் இரண்டு பேருக்கு வாந்தி, மாட்டுப்பட்டி அணையில் போட்டோ, மதியத்துக்கு மேல் டாப் ஸ்டேஷன். அங்கே இறங்கியதும் கூட்டத்தில் ஒருவனுக்காவது ஒரு சந்தேகம் வரும். ஸ்டேஷன் என்று பெயர் இருக்கிறதே, ரயில் எங்கே?

நியாயமான கேள்வி. ஏனென்றால் அங்கே உண்மையிலேயே ரயில் ஓடியது!

கதை 1877-ல் தொடங்குகிறது. ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காபி, சின்கோனா என்று பலதையும் நட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஏ.எச். ஷார்ப் என்பவர் தேயிலை பயிரிட்டார். அது பிடித்துக்கொண்டது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது.

தேயிலை விளைந்தால் போதுமா? சந்தைக்குப் போக வேண்டாமா? மலைமேல் கிடக்கும் சரக்குக்கு மதிப்பு இல்லை. அது கப்பல் ஏறினால்தான் காசு. மூணாறு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தாலும், சரக்கை இறக்க வசதியான வழி கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தது.

எனவே 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு மோனோ ரயில் போட்டார்கள். மோனோ ரயில் என்றதும் சிங்கப்பூரை நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சிறு சக்கரங்கள் அதன்மேல் ஓடும், பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துத் தரையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள்! 1908-ல் அதை எடுத்துவிட்டு 2 அடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே பாட்டம் ஸ்டேஷன். பெயரின் ரகசியம் அவ்வளவுதான்.

தேயிலை இறங்கிய அதே பக்கத்திலிருந்துதான் மனிதர்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் தவித்த ஏழைகளை, கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். காட்டை அழித்ததும், செடி நட்டதும், கொழுந்து பறித்ததும் அவர்கள்தான். கேரளாவில் இருக்கும் மூணாறில் இன்றும் தமிழ் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

1924 ஜூலையில் பெருமழை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். மூணாறு நகரமே சிதைந்தது. பாலங்களும் தண்டவாளங்களும் அடித்துக்கொண்டு போயின. அந்த ரயிலை மறுபடி யாரும் கட்டவில்லை. கம்பெனி மீண்டது, தேயிலையும் மீண்டும் தழைத்தது. 1931-ல் ஆலுவா பக்கம் புதிய சாலை திறந்தது.

லயங்களில் இருந்தவர்களின் வாழ்க்கை அந்த வேகத்தில் மாறவில்லை. ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளைத்தான் லயம் என்பார்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2005-ல் தோட்டங்கள் புதிய கம்பெனிக்கு மாறியபோது தொழிலாளர்களுக்கும் பங்கு கிடைத்தது. பங்குதாரர் என்றால் முதலாளி என்றுதானே பாடப் புத்தகம் சொல்கிறது? ஆனால் 2015-ல் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது அதே 'முதலாளிகள்' ரோட்டில் உட்கார வேண்டி வந்தது. 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் கொழுந்து பறிக்கும் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டுப் போராடி, போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் குடும்பத்தினரும். பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம்.

1924-ல் போன ரயிலைப் பற்றி டூரிஸ்ட் கைடுகள் ஆசையாகச் சொல்வார்கள். அந்த ரயிலில் ஏற்றிய பெட்டிகளை நிரப்பியவர்கள் யார் என்று கேட்டால்தான் மூணாறின் வரலாறு முழுதாகும். பச்சைப் பசேல் என்று தெரிகிற ஒவ்வொரு சரிவிலும் இடுப்பளவு உயரத்தில் செடி சீராக நிற்பது இயற்கை செய்த வேலை அல்ல. நாலு தலைமுறைக் கைகள் செய்த வேலை.