வருமானத்துக்காகத் தடை செய்யப்பட்ட இலை



தாய்லாந்து சென்று வந்த மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, அங்கே கிராட்டம் இலையைக் கடையில் வைத்து விற்கிறார்கள். பக்கத்து மலேசியாவில் அதற்குச் சிறை என்கிறார்கள். அது மருந்தா, போதையா?" கொஞ்சம் நீளமான பதில். பொறுமையாகப் படியுங்கள்.

கிராட்டம் காபிக் குடும்பத்து மரம். மலேசியாவில் கெத்தும் என்பார்கள். நம் ஊர் நீர்க்கடம்புக்கு நெருங்கிய உறவு. (உறவு என்பதற்காக நீர்க்கடம்பு இலையைப் பறித்து மென்று பார்க்க வேண்டாம்!) தென் தாய்லாந்திலும் வட மலேசியாவிலும் வயலிலும் ரப்பர் தோட்டத்திலும் உழைத்தவர்கள், நடு நரம்பைக் கிழித்துவிட்டுப் பச்சை இலையை மென்றார்கள். வெயிலில் களைப்புத் தெரியாது. வயிற்றுப்போக்குக்கும் உடல்வலிக்கும் கைமருந்து. அபின் கிடைக்காதபோது இதை மாற்றாகப் பயன்படுத்தினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த 'மாற்று' என்ற சொல்லில்தான் வரலாறு இருக்கிறது. அன்றைய தாய்லாந்தில் அபின் விற்பனை அரசின் ஏகபோகம். கஜானாவுக்கு நல்ல வருமானம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அபின் விலை ஏறியது. மக்கள் காசில்லாமல் கிடைக்கும் கிராட்டத்துக்குத் திரும்பினார்கள். வருமானம் குறைந்தது. 1943இல் அரசு கிராட்டம் சட்டம் கொண்டுவந்து மரத்தை நடவும் இலையை விற்கவும் தடை போட்டது. அபினோ 1959 வரை அங்கே சட்டப்படியே விற்கப்பட்டது! கடுமையானது கடையில்; அதைவிட மென்மையானதற்குத் தடை.

1979இல் கிராட்டம் போதைப்பொருள் பட்டியலிலும் சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 24 அன்றுதான் அதிலிருந்து நீக்கினார்கள். இப்போதும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் விற்கக்கூடாது. மலேசியாவில் 2003 முதல் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை.

அப்படியானால் பாவம், ஒன்றும் செய்யாத இலையா? அதுவும் இல்லை. 1921இல் எலன் ஃபீல்டு என்ற வேதியியலாளர் இதிலிருந்து மிட்ராஜினைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மூளையில் மார்ஃபின் போய் ஒட்டும் அதே இடங்களில் இதுவும் ஒட்டுகிறது. கொஞ்சம் எடுத்தால் சுறுசுறுப்பு, அதிகமானால் மயக்கம். தினமும் பழகியவர்களுக்கு மலச்சிக்கல், பசியின்மை, தூக்கமின்மை. திடீரென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் வலி, மூக்கிலும் கண்ணிலும் நீர், எரிச்சல். கல்லீரல் பாதிப்பும் வலிப்பும்கூடப் பதிவாகியிருக்கின்றன.

பெரிய ஆபத்து, இலை மரத்தை விட்டுப் பாக்கெட்டுக்குள் போன பிறகு வந்தது. தென் தாய்லாந்து இளைஞர்கள் இலைக் கஷாயத்தில் கோலாவையும் இருமல் மருந்தையும் கலந்து குடித்தார்கள். சுவீடனில் 'கிரிப்டான்' என்ற பெயரில் விற்ற மூலிகைத் தூளில் ஒரு வலிநிவாரணி வேதிப்பொருளையும் கலந்திருந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் 2018இல் கிராட்டம் பொருட்களில் இருந்த சால்மோனெல்லா கிருமியால் 199 பேர் நோயுற்றார்கள். இப்போது இலையில் மிகச் சிறிய அளவே உள்ள 7-ஹைட்ராக்ஸி மிட்ராஜினைனைச் செறிவாக்கி மாத்திரையாக விற்கிறார்கள். வயலில் மென்ற நாலு இலைக்கும் இந்த மாத்திரைக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

ஆகவே பிள்ளைகளே, அரசு தடுத்தது என்பதை வைத்தோ, அனுமதித்தது என்பதை வைத்தோ ஒரு பொருளின் குணத்தை முடிவு செய்யாதீர்கள். ஏன் தடுத்தார்கள், எந்த வடிவில், எவ்வளவு என்று கேளுங்கள். 'மூலிகை' என்ற லேபிள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். வீட்டில் யாராவது பழகியிருந்தால் திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என்ன எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.